நெஞ்சில் சில்லு கட்டிய சிப்பாயின் கத்தி

என்னுடைய தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் இருபத்திரண்டு வில்லுக்கத்திகளைப் பதிந்து வைத்திருக்கிறேன். வாங்கிய நாள், இடம், பிடி எந்தப் பொருளில் செய்தது, அலகு எத்தனை, முத்திரை என்ன, செய்த ஆண்டு எது என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். அவற்றில் பதினேழாம் இலக்கம் மட்டும் என்னுடையதல்ல. 1993 யூலை 11 ஞாயிறு பிற்பகல் முதல் அடுத்த ஞாயிறு பிற்பகல் வரை, ஒரேயொரு கிழமை அது என் பொறுப்பில் இருந்தது. அந்தக் கிழமையில் ஒரு முழு இரவும் ஒரு காலையும் அதை நாசமாக்கிவிட்டேன் என்றே நம்பியிருந்தேன்.

மடித்துச் சட்டைப் பையில் போடக்கூடிய கத்தியைத்தான் நாங்கள் வில்லுக்கத்தி என்போம். இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வீட்டு வேலைக்கு வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அமெரிக்க வில்லுக்கத்தியோடு என்ன தொடர்பு என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மெழுகுதிரிதான் காரணம். நான் வேலை செய்த வீட்டு அம்மாவுக்கு, சிஞ்ஞோராவுக்கு, வெள்ளியில் ஆறு மெழுகுதிரித் தண்டுகள் இருந்தன. 1991இல் ஒரு மார்ச் மாத நாள், அவற்றில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டுவதற்கு ஒரு பழைய வில்லுக்கத்தியை எடுத்துத் தந்தார். நியூயோர்க்கில் இருந்த அவருடைய மைத்துனர் அனுப்பிய பார்சலில் வந்ததாம். அலகு பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியில் நுணுக்கமாக எழுத்துகள், எழுத்துகளுக்குக் கீழே ஒரு வரிசைப் புள்ளிகள். எண்ணினேன். ஏழு.

ஒருவன் இரும்பில் ஏழு புள்ளி குத்தியிருக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பேராலயத்துக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிற கொட்டில் ஒன்றில், ஆங்கிலத்தில் இருந்ததால் ஒருவரும் தொடாத தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அமெரிக்க வில்லுக்கத்திகளை இனம் காண்பது பற்றியது. அந்தக் கத்தியைச் செய்த கம்பெனி 1970இல் செய்த கத்திகளுக்குப் பத்துப் புள்ளி குத்தியதாம். அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கு அடுத்த ஆண்டு எட்டு, இப்படி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனதாம். என் கையில் இருந்தது 1973. தன் பிறந்த ஆண்டைத் தானே சுமந்துகொண்டு திரிகிற ஒரு பொருள்! தேதி போடாமல் ஒரு கடிதத்தைக்கூட வாசிக்கப் பிடிக்காத எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிஞ்ஞோராவிடம் கேட்டேன். மெழுகு போனால் சரி, கத்தியை நீயே வைத்துக்கொள் என்றார்.

அதன் பிறகு ஞாயிறு காலைகள் அந்தக் கொட்டில்களுக்கே போயின. பலெர்மோவில் பாதி வீடுகளுக்கு அமெரிக்காவில் ஓர் உறவினர் உண்டு. பார்சலில் வந்த கத்திகளை, கிழவர்கள் செத்த பிறகு, உடைந்த கடிகாரங்களோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். நல்ல கத்தி திறக்கும்போது தடங்காமல் நடக்க வேண்டும், மூடும்போது டக்கென்று கதைக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் கொட்டிலில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, காதோடு வைத்துக் கேட்பேன். வெள்ளைக்காரிகள் கடற்கரையில் சங்கைக் காதில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று என் கணவர் சிரிப்பார். அவருக்கு இந்தக் கத்திகளால் ஒரே கவலைதான்.

“இஞ்சேரும், விசா பெர்மெஸ்ஸோ புதுக்கிற நேரம் குவெஸ்தூராப் பொலிசிலையிருந்து ஆரும் வீட்டைப் பாக்க வந்தா, பிஸ்கற் ரின்னுக்குள்ளை பதினாறு கத்தி. நான் என்னத்தைச் சொல்லுறது?”

“மனிசி மரக்கறி வெட்டுறவள் எண்டு சொல்லுங்கோ.”

அவர் அப்போது பலெர்மோவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை செய்தார். ஞாயிறுகளில் மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு நான் பஸ் ஏறி அங்கே போவேன். கடைக்குப் பின்னால், படகுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிற இடத்தில் இருந்து கதைத்துவிட்டு வருவோம். பதினேழாம் இலக்கத்தின் சொந்தக்காரரை அங்கேதான் கண்டேன். அறுபதை எட்டிக்கொண்டிருந்த மீனவர். அந்தக் கடைக்கு எட்டுக்கால் பேய்க்கணவாய் கொண்டுவந்து கொடுப்பவர். என் கணவர் என் கத்திப் பைத்தியத்தைப் பற்றி அவரிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அவரோ அதைப் பகிடியாக எடுக்கவில்லை. யூலை 11 அன்று எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொருளோடு எனக்காகக் காத்திருந்தார்.

அவர் சொன்ன கதை இது. 1943 யூலையில் அமெரிக்கர்கள் பலெர்மோவுக்குள் நுழைந்து இரண்டு நாள் கழித்து, எட்டு வயதுப் பையனான அவர் எலுமிச்சைத் தோட்டத்தில் ஒரு சிப்பாயைக் கண்டார். வழி தவறி நின்ற சிப்பாய். றோட்டு எங்கே என்று கையால் கேட்டான். பையன் கூட்டிக்கொண்டு போய் றோட்டில் விட்டான். சிப்பாய் சட்டைப் பையிலிருந்து இந்த வில்லுக்கத்தியை எடுத்துப் பையனின் கையில் வைத்துவிட்டுப் போனான். கதை இவ்வளவில் நின்றிருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஆனால் அவர் எப்போதும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார். அந்தச் சிப்பாயின் நெஞ்சில் ஒரு சில்லு, வண்டிச் சக்கரம் மாதிரி, கட்டியிருந்தது. வெறும் சில்லு. நடக்க நடக்க அது கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது.

ஐம்பது வருடமாக ஸ்ஃபெர்ராகவால்லோ அந்தச் சில்லுக்குச் சிரித்திருக்கிறது. மற்ற மூன்று சில்லும் எங்கே, கழற்றி விற்றுவிட்டானா என்று கேட்பார்களாம். அவரைக் கூப்பிடுவதே சில்லுக்காரன் என்றுதான். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர், கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் மின்வேலை செய்து ஓய்வெடுத்த ஒருவர். அவர் கத்தியை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லியிருந்தார். இதில் பெரிய அலகு ஒன்று, பக்கத்தில் திருகாணி முடுக்குகிற சின்ன அலகு ஒன்று. இது மின்வேலைக்காரனுடைய கத்தி, நானே இப்படி ஒன்றை வைத்திருந்தேன், சண்டைக்கு வருகிறவன் திருகாணி முடுக்கவா வருகிறான், உன் அப்பன் துறைமுகத்தில் யாரிடமோ வாங்கியது இது என்று. அந்த நாளிலிருந்து மீனவர் கத்தியைச் சட்டைப் பையில் போடுவதை விட்டுவிட்டார். வலைப் பெட்டிக்குள் எறிந்தார். பன்னிரண்டு வருடம் அது உப்பிலே கிடந்தது.

இப்போது ஐம்பது வருடம் நிறைகிறது என்று மாதா கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, அந்த யூலை மாதத்துப் பொருள்களை அடுக்கப் போகிறார்கள். ஒருவர் அமெரிக்கச் சூப் ரின் கொண்டுவருகிறார், ஒருவர் பரசூட் துணியில் தைத்த சட்டை கொண்டுவருகிறார். மேசைக்குப் பொறுப்பு அதே மின்வேலைக்காரர். கடையில் வாங்கிய வேலை ஆயுதத்துக்கு இங்கே இடமில்லை, அமெரிக்க இராணுவத்தினுடையது என்று தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தெரிந்த ஒருவர் நான்தான் என்று மீனவர் முடிவு செய்திருந்தார்.

“சிஞ்ஞோரா, நான் சாகிறதுக்கு முதல் அந்தச் சில்லை இறக்கி வைக்க வேணும்” என்றார். இங்கே எந்தப் பெண்ணையும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னது சிசிலி இத்தாலியத்தில். என் காதுக்கு அது எங்கள் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து துணியைப் பிரித்தேன். பிடி மரம். நல்ல கனமான மரம், கறுப்புச் சிவப்பு. அலகுகள் இரண்டும் ஒரே துரு. முத்திரை இருக்க வேண்டிய அடிப்பகுதியில் துரு பொருக்குப் பொருக்காக நின்றது. அங்கே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. முத்திரை இல்லாத கத்தியைப் பற்றி நான் எதையும் எழுத முடியாது. தையல் மெசின் எண்ணெய் விட்டு ஐந்து நாள் வைத்தேன். தினமும் துணியால் துடைத்தேன். துணிதான் சிவந்தது.

சனிக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. பழப்புளி. குத்துவிளக்கை எதால் மினுக்குகிறோம்? பல்லரோ சந்தைப் பக்கத்தில் மொரீஷியஸ் தமிழர் ஒருவரின் கடையில் வாங்கிய புளிக்கட்டி குசினியில் இருந்தது. தடிப்பாகக் கரைத்து, இரண்டு அலகுகளிலும் அடிவரை பூசி, பிடியில் படாமல் ஈரத் துணியைச் சுற்றி வைத்தேன். அரை மணித்தியாலம் என்று கணக்கு. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா. கத்தானியாவிலிருந்து எட்டுப் பேர் திடீரென்று சாப்பிட வருகிறார்கள், உடனே வா என்றார். மேசை விரித்து, பரிமாறி, எட்டுப் பேருடைய கிளாசும் கழுவி வீட்டுக்கு வந்தபோது மாலை ஏழு மணி.

துணியை அவிழ்த்தேன். துரு போயிருந்தது, முழுவதும் போயிருந்தது. அலகு இரண்டும் காகம் மாதிரிக் கறுத்திருந்தன. கழுவினேன், தேய்த்தேன். கறுப்பு அசையவில்லை.

அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். அதில் துப்புரவு பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் புத்தகத்தை முன்னும் பின்னுமாக வாசித்த நான், அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை ஊரான் வீட்டு வெள்ளியையும் பித்தளையையும் மினுக்கிச் சீவிக்கிறவளுக்குத் துப்புரவு பற்றி ஒரு புத்தகம் சொல்லித் தருவதா என்கிற எண்ணம்தான். அந்த அத்தியாயத்தின் இரண்டாவது வரியே, பழைய உருக்கில் புளிப்பான எதையும் படவிடாதே, கறுத்துவிடும், சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்று இருந்தது.

என் கணவர் வேலை முடிந்து வந்து கத்தியைப் பார்த்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

“ஐம்பது வருசம் உப்பிலையும் துருவிலையும் தப்பின சாமானை, ஒரு நாளிலை புளிக்குழம்பு வைச்சுப் போட்டீரே” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் விளக்கடியில் பூதக்கண்ணாடியைப் பிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரிய அலகின் அடியில், கறுப்புக்கு நடுவே, எழுத்துகள் கூராக நின்றன. கம்பெனியின் பெயர், நியூயோர்க் மாநிலத்து ஓர் ஊர். சின்ன அலகின் அடியில் டி.எல். 29. புத்தகத்தில் தேடினேன். அமெரிக்க இராணுவத்துக்கென்று பல கம்பெனிகள் செய்த கத்தி அது. சண்டை போடுகிறவர்களுக்கல்ல, களத்தில் தொலைபேசிக் கம்பி இழுக்கிறவர்களுக்கு. பெரிய அலகு கம்பியின் தோலை உரிக்க, சின்ன அலகு திருகாணி முடுக்க. என் கையில் இருந்த கத்தியின் முத்திரை வடிவத்தை அந்தக் கம்பெனி போர் முடிந்த பிறகு மாற்றிவிட்டது என்றும், மரப்பிடி போய்ப் பிளாஸ்ரிக் வந்தது என்றும் இருந்தது.

மின்வேலைக்காரர் சொன்னது சரி. அது மின்வேலைக்காரனுடைய கத்திதான். அந்த மின்வேலைக்காரன் சிப்பாய்.

மறுநாள் கத்தியைக் கொண்டுபோகும்போது நல்ல செய்தியை முதலில் சொல்வதா, கறுப்பை முதலில் காட்டுவதா என்று பஸ்ஸில் முழுவதும் யோசித்தேன். எங்கள் வழக்கப்படி கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கவிழ்த்திருந்த படகின் மேல் வைத்து, துணியை விரித்து, பிழை செய்துவிட்டேன் என்று தொடங்கினேன். புளி என்பதற்கு இத்தாலியச் சொல் வாயில் வரவில்லை. எலுமிச்சை மாதிரிப் புளிப்பான ஒன்று, அதனால் கறுத்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் கத்தியை எடுத்தார். திறந்தார், மூடினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குசினிக்குள் இருந்த என் கணவர் வெளியே ஓடி வந்தார்.

சின்ன வயதிலிருந்து நாற்பது வருடம் இந்தக் கத்தியால் எலுமிச்சை வெட்டியிருக்கிறாராம். பேய்க்கணவாய்க்கு, மட்டிக்கு, சும்மா உப்புப் போட்டுத் தின்ன. கத்தி எப்போதும் கறுப்புத்தான். பெட்டிக்குள் போட்ட பிறகுதான் சிவந்தது.

“நீ பழையபடி ஆக்கித் தந்திருக்கிறாய், சிஞ்ஞோரா” என்றார். “இப்பதான் இது என்ரை கத்தி.”

டி.எல். 29 பற்றிச் சொன்னேன். தொலைபேசிக்காரன், தொலைபேசிக்காரன் என்று இரண்டு முறை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு, எழுதித் தா என்றார்.

எழுதுவதில்தான் வீட்டில் சண்டை வந்தது. நான் எழுதி வைத்தது நாலு வரி. இது இன்ன நாட்டில், இன்ன காலத்தில், இராணுவத்தின் தொலைபேசிக் கம்பிக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட கத்தி. யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதைக் கத்தி சொல்லாது. என் கணவர் கடைசி வரியை வெட்டச் சொன்னார்.

“அந்தாள் ஐம்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்குது. ‘1943 யூலையிலை ஒரு சிப்பாய் குடுத்தது’ எண்டு ஒரு வரி கூடப் போட்டா உமக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டன்.”

“நம்பிறீரோ இல்லையோ?”

“நம்புறன். நம்புறதை எழுதுற இடம் இல்லை உது.”

அவர் இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் கதைத்தார். எனக்கும் உள்ளுக்குள் குடைந்தது. கத்திக்கு வயது தெரியும், சாட்சி தெரியாது. போர் முடிந்த பின்னும் இராணுவச் சாமான்கள் துறைமுகத்தில் கைமாறியிருக்கலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஒரு வரி கூட்டி எழுதினால், பிறகு கொப்பியில் அப்போது இருந்த மற்றப் பதினாறு கத்திகளின் வயதையும் நானே நம்ப முடியாது. ஆனால் அந்தக் கடைசி வரியை மண்டபத்தில் வாசிக்கும்போது மீனவரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபடியே அட்டையைச் சிஞ்ஞோராவிடம் கொண்டுபோனேன். சிஞ்ஞோரா என் இத்தாலியத்தில் இரண்டு எழுத்தைத் திருத்தித் தந்தார். கடைசி வரியை அவர் தொடவில்லை.

யூலை 22 வியாழக்கிழமை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பிற்பகல் லீவு என்பதால் பலெர்மோவின் எங்கள் ஆட்கள் எல்லாரும் அன்று தெருவில்தான் இருப்பார்கள். நான் ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்ஸில் இருந்தேன். என் கணவர் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு, மீன் மணத்தோடு கோயில் மண்டபத்துக்கு வந்திருந்தார். மீனவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. மேசைக்குப் பின்னால் மின்வேலைக்காரர், கழுத்தில் கண்ணாடி தொங்க. இருபது பேர்வரை இருந்தார்கள். சூப் ரின்னுக்கும் பரசூட் சட்டைக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடம் வெறுமையாக இருந்தது.

மீனவர் கத்தியை அங்கே வைத்தார். நான் என் அட்டையைக் கொடுத்தேன். மின்வேலைக்காரர் கண்ணாடியை மாட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்கத் தொடங்கினார். தொலைபேசிக் கம்பி என்ற இடத்தில் குரல் தணிந்தது. நிறுத்தினார். கத்தியை எடுத்துச் சின்ன அலகைத் திறந்தார். அது நிமிர்ந்து பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. விரலால் தட்டிப் பார்த்தார். இந்த ஊரில் அந்தக் கத்தியின் உபயோகத்தை அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. பூதக்கண்ணாடியை நீட்டினேன். முத்திரையைப் பார்த்தார். பிறகு அட்டையின் கடைசி வரியையும் வாசித்தார். யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதைக் கத்தி சொல்லாது.

நான் மீனவரைப் பார்க்கவில்லை. என் கணவர் என்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

“அதை நான் சொல்லுறன்” என்றார் மீனவர்.

சொன்னார். எலுமிச்சைத் தோட்டம், வழி தவறிய சிப்பாய், நெஞ்சில் கட்டியிருந்த சில்லு. ஐம்பது வருடமாகச் சொன்ன அதே வார்த்தைகள். சில்லு வந்த இடத்தில் வழக்கப்படி பின்னால் ஒருவர் சிரித்தார். மின்வேலைக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியையும் மீனவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தச் சில்லிலை ஒண்டும் சுத்தியிருக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை. வெறும் சில்லு. எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்.”

“அது தொலைபேசிக் கம்பி சுத்துற சில்லு, கம்பி முழுக்க இழுத்து முடிஞ்சிருக்கும்” என்றார் மின்வேலைக்காரர், சிரித்தவரின் பக்கம் திரும்பி. “நெஞ்சிலை கட்டிக்கொண்டு நடந்தால்தான் கம்பி தானா அவிழும். முடிஞ்சால் வெறும் சில்லுத்தான் மிஞ்சும்.” பிறகு மீனவரிடம், “எவ்வளவு பெரிசு?” என்றார்.

மீனவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மாட்டு வண்டிச் சில்லு அளவுக்கு விரித்துவிட்டார். மின்வேலைக்காரர் மேசையைச் சுற்றி வந்து, அவருடைய மணிக்கட்டுகளைப் பிடித்து, கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வந்ததும் நிறுத்தினார்.

“இவ்வளவோ?”

மீனவர் தன் கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தார். “ஓம்” என்றார். “இவ்வளவுதான். எனக்கு அப்ப எட்டு வயசு.”